‘டேக்ஸ்’ என்ற சொல்லும் அதன் சொந்தக்காரச் சொற்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரி, கணக்கு தொடர்பான ஆங்கில ஆவணங்களைத் தமிழில் எழுதுகிறவர்களும், அவற்றைப் படித்துப் புரிந்துகொள்ள முயல்கிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். டேக்ஸ், லெவி, டியூட்டி, செஸ், டோல் எல்லாவற்றுக்கும் ‘வரி’ என்று போட்டுவிட்டால் போதாதா என்பதுதான் இவற்றில் பாதி. போதாது என்பது என் உறுதியான எண்ணம். யார் யாருக்குக் கட்டுகிறார்கள், எதன்மேல், பதிலுக்கு ஏதாவது கிடைக்கிறதா என்பதை இந்தச் சொற்களில் பல தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன, அதைக் கவனிக்காமல் போனால் படிக்கிறவருக்குப் பணம் விஷயத்திலேயே தவறான புரிதல் ஏற்பட்டுவிடும்.

டேக்ஸ் என்றால் வரி. அவ்வளவுதானே, இதில் விளக்க என்ன இருக்கிறது?

முதல் பொருள் அதுதான். அரசோ அரசின் அதிகாரம் பெற்ற அமைப்போ, சட்டத்தின் பேரில், பொதுக் காரியங்களுக்காகக் கட்டாயமாக வாங்கும் பணம். இதில் கவனிக்க வேண்டியது, நீங்கள் கட்டிய தொகைக்கு நேர் ஈடாக உங்களுக்கென்று எதுவும் தரப்படுவதில்லை என்பது. நீங்கள் கட்டிய வரியில் பாலம் கட்டலாம், நீங்கள் அந்தப் பாலத்தில் ஒருநாளும் போகாமலே இருக்கலாம், அதனால் அது வரி இல்லை என்று ஆகிவிடாது.

இந்த வரையறை நீதிமன்றங்களில் வளர்ந்தது. 1938-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி லேத்தம் இதே அம்சங்களை வைத்து வரியை விளக்கினார். 1954-இல் இந்திய உச்ச நீதிமன்றம், அன்றைய சென்னை மாகாண அறநிலையச் சட்டம் பற்றிய சிரூர் மடம் வழக்கில், அதை எடுத்துக்கொண்டது. கட்டாயம், பொதுக் காரியம், நேர் ஈடின்மை என்ற இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பல பதில்களில் இவைதான் திரும்ப வரும்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? முதலிலிருந்தே பணத்தைத்தான் குறித்ததா?

லத்தீனில் ‘டாக்ஸாரே’ என்றால் மதிப்பிடுவது, விலை நிர்ணயிப்பது, குறை சொல்வது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதாவது பணம் வாங்குவது பின்னால் வந்த பொருள், ‘இவருக்கு எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு போடலாம்’ என்று கணக்குப் போடுவதுதான் மூலப் பொருள். வேலையைக் குறிக்கும் ‘டாஸ்க்’ என்ற சொல்லும் இதே வேரின் இன்னொரு கிளைதான், எழுத்துகள் இடம் மாறிப்போனதால் உறவு தெரியாமல் இருக்கிறது. ஒருவர்மேல் சுமத்தப்பட்ட பணம் டேக்ஸ், சுமத்தப்பட்ட வேலை டாஸ்க்.

மதிப்பிடுதல் என்ற பழைய பொருள் நன்றாகத் தெரியும் ஓர் இடம் உண்டு. 1611-இல் வெளியான ஆங்கில விவிலியத்தில், லூக்கா இரண்டாம் அதிகாரத் தொடக்கத்தில், உலகம் முழுவதும் ‘டேக்ஸ்’ செய்யப்பட வேண்டும் என்று ரோமப் பேரரசர் அகுஸ்து கட்டளையிட்டதாக வரும். வரி வசூல் என்று படித்தால் அடுத்து வரும் வசனங்கள் பொருந்தாது, ஏனென்றால் மக்கள் பெயர் பதியத்தான் ஊருக்குப் போகிறார்கள். பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் ‘பதிவு’ என்று மாற்றிவிட்டன. பழைய தமிழ் விவிலியம் அங்கே ‘குடிமதிப்பு’ என்று போட்டிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த மொழிபெயர்ப்பு இது, குடிகளை எண்ணுவதும் அவர்களை மதிப்பிடுவதும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது.

அப்படியானால் டாக்ஸி, டாக்ஸானமி, சின்டாக்ஸ் எல்லாம் ஒரே குடும்பமா?

டாக்ஸி மட்டும்தான். ஓடிய தூரத்துக்குக் கட்டணம் கணக்கிடும் ‘டாக்ஸிமீட்டர்’ என்ற கருவியின் பெயர் வண்டிக்கு ஒட்டிக்கொண்டு, பிறகு சுருங்கி டாக்ஸி ஆனது. கட்டணம் மதிப்பிடுவது என்ற பொருள் அதில் இருக்கிறது.

டாக்ஸானமி, சின்டாக்ஸ் இரண்டும் கிரேக்கச் சொற்கள். அங்கே ‘டாக்ஸிஸ்’ என்றால் ஒழுங்கு, வரிசை. வரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எழுதும்போது டேக்ஸ் என்று திரும்பத் திரும்ப வருகிறது. பதிலுக்குப் போட ஒத்த சொற்களின் பட்டியல் கொடுங்களேன்.

கொடுக்கலாம்: லெவி, டியூட்டி, டாரிஃப், எக்சைஸ், கஸ்டம்ஸ், டோல், செஸ், இம்போஸ்ட் (‘சுமத்தப்பட்டது’ என்று பொருள்), சர்சார்ஜ், பழைய சொற்களில் ட்ரிபியூட், டைத். வினைச்சொல்லாக வேண்டுமென்றால் சுமத்து, வாட்டு, சோதி என்ற பொருளில் ‘பர்டன்’, ‘ஸ்ட்ரெய்ன்’, ‘டிரை’ மாதிரியான சொற்கள்.

ஆனால் பத்திக்கு அழகு சேர்ப்பதற்காக இவற்றை மாற்றி மாற்றிப் போடுவது வேண்டாம். டேக்ஸ் என்பது பொதுப்பெயர், மற்றவற்றில் பல அதன் தனி வகைகள். வருமான வரியை முதல் வாக்கியத்தில் டேக்ஸ் என்றும் அடுத்ததில் டியூட்டி என்றும் எழுதினால் படிக்கிறவர் இரண்டு வெவ்வேறு வரிகள் என்று நினைப்பார். அமெரிக்க அரசியலமைப்பின் முதல் கூறு, எட்டாம் பிரிவு, நாடாளுமன்றத்துக்கு டேக்ஸ், டியூட்டி, இம்போஸ்ட், எக்சைஸ் என நான்கையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி அதிகாரம் தருகிறது. பின்னால் உள்ள மூன்றும் நாடு முழுவதும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று அடுத்தாற்போலவே சொல்கிறது. சட்டத்தில் இந்தச் சொற்கள் அலங்காரத்துக்கு இல்லை. நேர்மாறாக, இந்திய அரசியலமைப்பின் 366-ஆம் கூறு டேக்ஸ் என்பதில் எல்லா இம்போஸ்ட்டும் அடங்கும் என்று பொதுப்பெயரை வேண்டுமென்றே விரித்துவிடுகிறது. ஆகவே எந்தச் சட்டத்தைப் படிக்கிறோமோ அது தன் சொற்களை எப்படி வரையறுத்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

லெவி என்பது வரியா, வரி விதிப்பதா? இரண்டு விதமாகவும் பார்க்கிறேன்.

இரண்டும்தான். வேர்ச்சொல்லின் பொருள் ‘தூக்குதல், எழுப்புதல்’. பணத்தை எழுப்பினால் வரி, ஆட்களை எழுப்பினால் படை. அதனால்தான் பழைய வரலாற்று நூல்களில் லெவி என்பது கட்டாயமாகத் திரட்டிய படைவீரர்களையும் குறிக்கும். பிரான்சில் 1793-இல் நாடு தழுவிய ஆள்திரட்டுக்கு வைத்த பெயரிலும் இந்தச் சொல் இருக்கிறது. அமெரிக்க அரசியலமைப்பு தேசத் துரோகத்தை விளக்கும்போது ‘போரை லெவி செய்வது’ என்கிறது. அங்கே வரி எதுவும் இல்லை, நாட்டுக்கு எதிராகப் போர் தொடுப்பது என்று பொருள்.

வரியைப் பற்றிப் பேசும்போது வினையாக வந்தால் விதிப்பது, பெயராக வந்தால் விதிக்கப்பட்ட தொகை. விதிப்பதும் வசூலிப்பதும் வேறு வேறு என்பதையும் கவனியுங்கள். இந்திய அரசியலமைப்பின் 265-ஆம் கூறு, சட்ட அதிகாரம் இல்லாமல் வரியை விதிக்கவும் கூடாது வசூலிக்கவும் கூடாது என்று இரண்டு வினைகளையும் தனியாகவே சொல்கிறது.

இன்னொரு பொருள் உண்டு, அதைத் தவறவிட்டால் ஆபத்து. அமெரிக்க வரித்துறைக் கடிதத்தில் உங்கள் வங்கிக் கணக்கின்மேல் லெவி என்று வந்தால், புதிதாக வரி போடுகிறார்கள் என்று அர்த்தமில்லை, கட்டாத பாக்கிக்காகக் கணக்கில் உள்ள பணத்தைக் கைப்பற்றுகிறார்கள். அதற்கு முந்தைய படி ‘லியன்’: சொத்தின்மேல் உரிமை கோருவது. லியன் வந்தால் சொத்து இன்னும் உங்களிடம்தான், லெவி வந்தால் கைவிட்டுப் போகிறது. ‘ஜப்தி’ என்று தமிழில் எழுதினால் எல்லோருக்கும் புரியும்.

டியூட்டி என்றால் கடமை இல்லையா? அது எப்படி வரி ஆனது?

கட்டவேண்டியது எதுவோ அது டியூட்டி. ‘டியூ’ என்ற சொல்லிலிருந்து வந்தது, அதன் அடியில் ‘கடன்பட்டிருத்தல்’ என்ற லத்தீன் வினை இருக்கிறது. செய்யவேண்டியது கடமை, செலுத்தவேண்டியது வரி, ஒரே சொல் இரண்டு பக்கமும் போயிருக்கிறது.

பெரும்பாலும் ஆளின் மேலோ வருமானத்தின் மேலோ போடுவதை டேக்ஸ் என்றும், பொருளின் மேலோ பத்திரம் போன்ற நடவடிக்கையின் மேலோ போடுவதை டியூட்டி என்றும் சொல்வது வழக்கம். சரக்கு எல்லை கடந்தால் கஸ்டம்ஸ் டியூட்டி, பத்திரம் எழுதினால் ஸ்டாம்ப் டியூட்டி. தமிழில் ‘தீர்வை’ என்ற சொல் இதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது: முத்திரைத் தீர்வை, ஆயத்தீர்வை, சுங்கத் தீர்வை. இவ்வளவு நல்ல சொல்லை வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் வரி என்று எழுதுவது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

டாரிஃப் என்று செய்திகளில் அடிபடுகிறதே, அதை வெளிநாடு கட்டுகிறதா? ஹோட்டல் அறை வாடகைக்கும் டாரிஃப் என்கிறார்களே?

அரபியில் ‘அறிவிப்பு’ என்ற பொருளுள்ள சொல், இத்தாலிய மொழி வழியாக வந்தது. எந்தச் சரக்குக்கு எவ்வளவு என்று எழுதி வைத்த அட்டவணைதான் டாரிஃப். அட்டவணை என்ற பொருள்தான் அறை வாடகையிலும் மின்கட்டணத்திலும் தொலைபேசிக் கட்டணத்திலும் இருக்கிறது. அந்த அட்டவணைப்படி இறக்குமதிச் சரக்குமேல் போடும் தீர்வைக்கும் பிறகு அதே பெயர் வந்துவிட்டது.

யார் கட்டுகிறார்கள் என்றால், சரக்கை இறக்குமதி செய்கிறவர் தன் நாட்டுச் சுங்கத்துறையிடம் கட்டுகிறார். ஏற்றுமதி செய்யும் நாட்டின் அரசு இதில் பணம் எதுவும் கட்டுவதில்லை. இறக்குமதியாளர் அந்தச் சுமையை வாங்குகிறவர் தலையில் வைக்கலாம், தன் லாபத்தில் தாங்கலாம், அல்லது விற்கும் வெளிநாட்டு நிறுவனத்திடம் விலையைக் குறைக்கச் சொல்லலாம். கடைசியில் யார் எவ்வளவு சுமக்கிறார்கள் என்பது சரக்குக்குச் சரக்கு மாறும். ஆனால் ‘அந்த நாடு கட்டும்’ என்று எழுதுவது சொல்லளவிலேயே தவறு. யார்மேல் விதிக்கப்படுகிறது, யார் உண்மையில் சுமக்கிறார் என்ற இரண்டு கேள்விகளை எந்த வரியிலும் பிரித்துத்தான் கேட்க வேண்டும்.

எக்சைஸும் கஸ்டம்ஸும்?

எல்லையைக் கடக்கும் சரக்குக்குக் கஸ்டம்ஸ், நாட்டுக்குள் உற்பத்தியாகும் அல்லது விற்கும் குறிப்பிட்ட சரக்குக்கு எக்சைஸ். மது, புகையிலை, எரிபொருள் ஆகியவை எக்சைஸில் எப்போதும் முன்வரிசையில் இருக்கும். தமிழில் கலால் வரி, ஆயத்தீர்வை என்று இரண்டு வழக்கு உண்டு. இலங்கையில் அந்தத் துறைக்கே மதுவரித் திணைக்களம் என்றுதான் பெயர்.

டோல் என்பது வரியா, கட்டணமா?

இடையில் நிற்கிறது. ஒரு சாலையையோ பாலத்தையோ பயன்படுத்துகிறவர் மட்டும், பயன்படுத்தும்போது மட்டும் கட்டுவது. முதல் பதிலில் சொன்ன ‘நேர் ஈடின்மை’ இங்கே இல்லை என்பதால் கட்டணத்தின் பக்கம் சாய்கிறது. ஆனால் பழங்காலத்தில் வழியில் போகிற சரக்குக்கு ஆட்சியாளர் வாங்கிய சுங்கமும் டோல்தான், அது வரியேதான். தமிழில் இரண்டையும் சுங்கம் என்ற ஒரே சொல் தாங்குகிறது, சுங்கச்சாவடி என்றால் இன்று சாலைக் கட்டணம், சுங்கத்துறை என்றால் இறக்குமதித் தீர்வை.

இதன் வேரான கிரேக்கச் சொல் ‘டெலோஸ்’ வரியையும் குறிக்கும். அதிலிருந்து எதிர்பாராத ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது: தபால்தலை சேகரிப்பைக் குறிக்கும் ‘ஃபிலாட்டெலி’. 1864-இல் ஜார்ஜ் எர்ப்பான் என்ற பிரெஞ்சுக்காரர், வரி விலக்கு என்ற பொருளுள்ள ‘அட்டெலேயா’ என்ற கிரேக்கச் சொல்லை வைத்து இதை உருவாக்கினார். தபால்தலை ஒட்டியிருந்தால் கடிதத்தைப் பெறுகிறவர் கட்டணம் செலுத்த வேண்டாம் இல்லையா, அதுதான் விலக்கு. இன்னொன்று, இறந்தவர் எண்ணிக்கையை ‘டெத் டோல்’ என்பதும் இந்த டோல்தான், உயிர்களாக வசூலித்துவிட்டது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. மணி ஒலிப்பதைக் குறிக்கும் டோல் வேறு சொல்.

செஸ்ஸுக்கும் சர்சார்ஜுக்கும் என்ன வேறுபாடு? இரண்டையும் மேல்வரி, கூடுதல் வரி என்றுதான் எழுதுகிறார்கள்.

செஸ் என்பது மதிப்பிடுவதைக் குறிக்கும் ‘அசெஸ்’ என்ற சொல்லின் தலை வெட்டிய வடிவம். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வழங்கியது, இந்திய ஆங்கிலத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது; மற்ற நாட்டு ஆங்கிலம் படித்தவர்களுக்கு விளக்கம் சொல்லித்தான் ஆகவேண்டும். இன்ன காரியத்துக்கு என்று பெயர் சொல்லி வாங்குவது செஸ், கல்வி, சுகாதாரம், சாலை என்று. சர்சார்ஜ் அப்படி இல்லை, ஏற்கெனவே உள்ள வரியின்மேல் இத்தனை சதவீதம் என்று கூடுதலாகப் போடுவது, அது எந்தக் காரியத்துக்கும் போகலாம்.

இந்தியாவில் இந்த வேறுபாட்டைவிட ஒற்றுமைதான் அரசியலில் பெரிதாகப் பேசப்படுகிறது. மத்திய அரசு வசூலிக்கும் வரிகளில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு, ஆனால் 270, 271-ஆம் கூறுகளின்படி செஸ்ஸும் சர்சார்ஜும் பொதுவாக அந்தப் பங்கீட்டுக்குள் வருவதில்லை. ஆக ஒரே தொகையை டேக்ஸ் என்று வாங்குவதா செஸ் என்று வாங்குவதா என்பது, கட்டுகிறவருக்கு வேறுபாடு தராவிட்டாலும், அந்தப் பணம் எந்தக் கஜானாவுக்குப் போகிறது என்பதை முடிவு செய்துவிடுகிறது. மொழிபெயர்க்கும்போது செஸ், சர்சார்ஜ் என்றே தமிழ் எழுத்தில் போட்டுவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. இரண்டுக்கும் ‘மேல்வரி’ என்று எழுதினால் இந்த விவகாரமே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

பழைய நூல்களில் ட்ரிபியூட், டைத் என்று வருகிறது. தமிழில் என்ன சொல்வது?

தோற்ற அரசன் வென்றவனுக்கும் சிற்றரசன் பேரரசனுக்கும் கொடுப்பது ட்ரிபியூட். தமிழில் திறை, பிற்கால வழக்கில் கப்பம். இங்கிலாந்தில் 991 முதல் டேனிஷ் படையெடுப்பாளர்களுக்குக் கொடுத்த பணம் இந்த வகை. மரியாதை செலுத்துவது, அஞ்சலி என்ற இன்றைய பொருள் பின்னால் கிளைத்தது. டைத் என்றால் பத்தில் ஒன்று, விளைச்சலிலோ வருமானத்திலோ பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குக் கொடுப்பது. ‘தசமபாகம்’ என்ற சொல் தயாராக இருக்கிறது.

தமிழின் சொந்தக் கையிருப்பு பெரியது. இறை என்றால் வரி. வரி நீக்கிய நிலம் இறையிலி. இலங்கையில் உள்நாட்டு இறைவரித் திணைக்களம் என்ற பெயரில் அந்தச் சொல் இன்றும் அலுவலகப் பலகையில் இருக்கிறது. திருக்குறள் 756, அரசனுக்கு வரும் பொருளை மூன்றாகப் பிரிக்கிறது: உரியவர் இல்லாமல் வந்து சேரும் உறுபொருள், சுங்கமாக வரும் உல்குபொருள், பகைவரிடம் பெறும் தெறுபொருள். கஸ்டம்ஸையும் ட்ரிபியூட்டையும் தனித்தனிப் பெயரோடு அங்கேயே பிரித்துவிட்டார்கள். முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்ற பெயர் இருந்ததும் தெரிந்ததுதான்; வரி தவிர்த்த என்று இல்லை, சுங்கம் தவிர்த்த என்றுதான் இருக்கிறது, இதையும் கவனியுங்கள்.

‘டேக்ஸிங் ஜாப்’ என்றால் வரி போடும் வேலையா?

இல்லை, உடலையும் மனத்தையும் வாட்டி எடுக்கும் வேலை. டேக்ஸ் வினையாக வரும்போது சுமை ஏற்றுவது என்ற பொருள் வலுவாக உண்டு. என் பொறுமையை டேக்ஸ் செய்கிறாய் என்றால் ‘என் பொறுமையைச் சோதிக்கிறாய்’. மூளையை டேக்ஸ் செய்யும் கணக்கு என்றால் மண்டையைக் குடையும் கணக்கு.

இதைவிட அரிதான இரண்டு உண்டு. ஒருவரை இன்ன குற்றத்தோடு டேக்ஸ் செய்வது என்று ஆங்கிலத்தில் வந்தால், அவர்மேல் அந்தக் குற்றத்தைச் சாட்டி நேரிலேயே கேட்பது என்று பொருள். ‘குறை சொல்வது’ என்ற அந்தப் பழைய லத்தீன் பொருள்தான் இது. அடுத்தது நீதிமன்ற வழக்கு. வழக்குச் செலவை ‘டேக்ஸ்’ செய்வது என்றால் செலவுப் பட்டியலை அதிகாரி சரிபார்த்து, எது ஏற்கத்தக்கது என்று தீர்மானிப்பது. அங்கே வரி என்று எழுதிவிட்டால் தீர்ப்பே தலைகீழாகப் போய்விடும்.

டேக்ஸ் ரிட்டர்ன் என்றால் நமக்குத் திரும்பி வரும் பணம்தானே?

இல்லை. ரிட்டர்ன் என்பது நீங்கள் அரசுக்குக் கொடுக்கும் கணக்கு அறிக்கை, திரும்பி வரும் பணம் ‘ரீஃபண்ட்’. வருமானவரிக் கணக்குத் தாக்கல் என்று தமிழில் சொல்வது மிகச் சரியான சொல். அமெரிக்கர்கள் ‘என் டேக்ஸஸ் செய்துகொண்டிருக்கிறேன்’ என்றால் இந்தத் தாக்கல் வேலையைச் செய்கிறார்கள் என்று பொருள்.

எக்ஸெம்ப்ஷன், டிடக்ஷன், கிரெடிட், ரிபேட் எல்லாமே சலுகைதானே? ஏன் இத்தனை பெயர்?

எந்தக் கட்டத்தில் கழிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. உங்கள் வருமானம் 1000, வரி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சலுகை இல்லாமல் வரி 200. இப்போது 100-க்கு டிடக்ஷன் கிடைத்தால் வருமானத்தில் 100 கழிந்து 900-க்கு வரி, அதாவது 180, மிச்சம் 20. அதே 100 கிரெடிட்டாகக் கிடைத்தால் வரியிலேயே 100 கழிந்து 100 கட்டினால் போதும். மிச்சம் முழு 100. விளம்பரத்தில் ‘100 வரை வரிச்சலுகை’ என்று மட்டும் இருந்தால் இந்த இரண்டில் எது என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எக்ஸெம்ப்ஷன் என்பது வரி விலக்கு, அந்த வருமானமோ பொருளோ ஆளோ வரிக்குள்ளேயே வருவதில்லை. ரிபேட் என்பது தள்ளுபடி, கணக்கிட்ட வரியில் ஒரு பகுதியைக் குறைப்பது அல்லது கட்டிய பிறகு திருப்பித் தருவது, நாட்டுக்கு நாடு முறை மாறும். தமிழில் விலக்கு, கழிவு, வரவு, தள்ளுபடி என்று நான்கு சொற்களை நான்குக்கும் பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஒரு பொருளுக்கு வரி விலக்கு என்பதும் அதற்குச் சுழிய விகித வரி என்பதும் ஒன்றுதானே? இரண்டிலும் வரி பூஜ்யம்தானே?

வாங்குகிறவருக்கு ரசீதில் ஒன்றாகத்தான் தெரியும். விற்கிறவருக்கு இல்லை. மதிப்புக்கூட்டு வரி, ஜிஎஸ்டி மாதிரியான முறைகளில், வியாபாரி தன் சரக்குக்காக முன்பு கட்டிய வரியைத் திரும்பக் கோரலாம். பொருள் ‘ஸீரோ ரேட்டட்’ என்றால் அது வரிக்குள் இருக்கிறது, விகிதம் மட்டும் பூஜ்யம், ஆகவே கோரலாம். ‘எக்ஸெம்ப்ட்’ என்றால் அது வரி அமைப்புக்கே வெளியே போய்விட்டது, ஆகவே பொதுவாகக் கோர முடியாது, அந்தச் சுமை அவரிடமே தங்கி விலைக்குள் ஒளிந்துகொள்கிறது. விலக்கு என்ற சொல் கேட்க இனிமையாக இருந்தாலும் வியாபாரிகள் பலர் சுழிய விகிதத்தைத்தான் விரும்புவார்கள்.

டேக்ஸ் அவாய்டன்ஸ், டேக்ஸ் இவேஷன் இரண்டும் வரி ஏய்ப்பா?

இவேஷன் மட்டும்தான் ஏய்ப்பு. வருமானத்தை மறைப்பது, பொய்க் கணக்கு காட்டுவது, இது குற்றம். அவாய்டன்ஸ் என்பது வரித் தவிர்ப்பு, சட்டத்தின் எழுத்துக்குள் நின்று வரியைக் குறைத்துக்கொள்வது. சட்டத்தின் நோக்கத்தை முறியடிக்கும் செயற்கையான ஏற்பாடுகளைச் செல்லாததாக்கப் பல நாடுகள் பொதுத் தடைவிதிகள் வைத்திருக்கின்றன, அதனால் ‘தவிர்ப்பு என்றால் எப்போதும் பிரச்சினை இல்லை’ என்றும் சொல்ல முடியாது. ஆனால் தவிர்ப்பு செய்தவரை ஏய்ப்பாளர் என்று எழுதுவது அவர்மேல் குற்றம் சாட்டுவது. செய்தி எழுதுகிறவர்கள் இந்த ஒரு சொல்லில் மிகக் கவனமாக இருக்க வேண்டும்.

‘டேக்ஸ் ஹெவன்’ என்றால் வரி சொர்க்கம்தானே?

அது ஹெவன் இல்லை, ‘ஹேவன்’. துறைமுகம், புகலிடம் என்று பொருள். புயலுக்குக் கப்பல் ஒதுங்குவதுபோல வரிக்குப் பணம் ஒதுங்கும் இடம், வரிப் புகலிடம். பிரெஞ்சில் மட்டும் உண்மையாகவே சொர்க்கம் என்றுதான் சொல்கிறார்கள், ஜெர்மனில் வரிப் பாலைவனச்சோலை என்கிறார்கள்.

‘ரெய்ஸ் டேக்ஸஸ்’ என்றால் வரியை உயர்த்துவதுதானே? பழைய நூல் ஒன்றில் பொருந்தவே இல்லை.

இன்றைய செய்தியில் உயர்த்துவதுதான். பழைய எழுத்தில் வரியைத் திரட்டுவது, வசூலிப்பது என்று பொருள் வரும், லெவி பற்றிய பதிலில் சொன்ன அந்த ‘எழுப்புதல்’ இங்கேயும் இருக்கிறது. அரசன் போருக்காக வரியை ‘ரெய்ஸ்’ செய்தான் என்றால் விகிதத்தைக் கூட்டினான் என்று முடிவுகட்டாமல், புதிதாகத் திரட்டினானா என்று சூழலைப் பாருங்கள்.

போல் டேக்ஸ் என்பது தேர்தல் வரியா?

போல் என்ற சொல்லின் பழைய பொருள் தலை. ஆக அது தலைவரி, ஏழை பணக்காரர் பார்க்காமல் தலைக்கு இவ்வளவு. வாக்குகளை எண்ணுவதும் தலை எண்ணுவதுதான் என்பதால் தேர்தலுக்கும் அந்தப் பெயர் போனது. அமெரிக்கத் தென் மாநிலங்களில் வாக்களிக்க இந்த வரியைக் கட்டியிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்ததால் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. 1964-இல் வந்த 24-ஆவது திருத்தம் கூட்டாட்சித் தேர்தல்களில் அதைத் தடை செய்தது.

இங்கிலாந்தில் 1381-இல் பெரும் விவசாயிகள் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணம் இந்தத் தலைவரி. அந்த நினைவு அங்கே அவ்வளவு ஆழமானது என்பதால், ஸ்காட்லாந்தில் 1989-இலும் இங்கிலாந்து, வேல்ஸில் 1990-இலும் தலைக்கு இவ்வளவு என்று ஓர் உள்ளாட்சி வரி வந்தபோது அரசு அதற்குச் ‘சமூகக் கட்டணம்’ என்று பொருள்படும் பெயரை வைத்தது. மக்கள் அதைப் போல் டேக்ஸ் என்றே அழைத்தார்கள். 1993-இல் அது போயே போய்விட்டது.

அப்படியானால் பெயரை மாற்றினால் வரி வரியாக இல்லாமல் போகுமா? ஃபீஸ், ஃபைன் என்று வாங்கினால் அது டேக்ஸ் இல்லைதானே?

பொதுவான கோடு இதுதான்: ஒரு சேவைக்கு ஈடாக வாங்கினால் ஃபீஸ், கட்டணம். தவறு செய்ததற்காக வாங்கினால் ஃபைன் அல்லது பெனால்டி, அபராதம். இரண்டும் இல்லாமல் பொதுக் காரியத்துக்காக வாங்கினால் டேக்ஸ். முதல் பதிலில் சொன்ன 1954 வழக்கு இந்தக் கோட்டைப் பற்றியதுதான். மடங்களிடம் அரசு வாங்கிய தொகையைக் கட்டணம் என்று அரசு சொன்னது, நீதிமன்றம் அது உண்மையில் வரி என்றது. பெயரைப் பார்க்கவில்லை, அந்தத் தொகை சேவைச் செலவோடு தொடர்புடையதா, தனியாக ஒதுக்கப்பட்டதா, பொதுக் கஜானாவில் கலந்ததா என்று பார்த்தது.

இதைவிடச் சிக்கலானது 2012 ஜூன் 28-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. மருத்துவக் காப்பீடு எடுக்காதவர் ஒரு தொகை கட்ட வேண்டும் என்று 2010-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது, அதற்கு ‘பெனால்டி’ என்று பெயரும் வைத்தது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் உட்பட ஐந்து நீதிபதிகள், நான்கு பேர் மறுக்க, அது வரி விதிக்கும் அதிகாரத்துக்குள் வருவதால் செல்லும் என்றார்கள். ஆனால் வரியைக் கட்டும் முன் வழக்குப் போடக் கூடாது என்ற பழைய சட்டம் ஒன்று அங்கே உண்டு, அதற்கு மட்டும் இந்தத் தொகை வரி இல்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது, ஏனென்றால் அந்தச் சட்டம் விஷயத்தில் நாடாளுமன்றம் என்ன பெயர் வைத்தது என்பதே கணக்கு. ஒரே தொகை, ஒரே தீர்ப்பில், ஒரு கேள்விக்கு வரி, இன்னொரு கேள்விக்கு வரி இல்லை.

சரி, இப்படிப் பெயரும் பொருளும் ஒத்துப்போகாத இடத்தில் மொழிபெயர்க்கிறவர் என்ன செய்வது?

ஆவணம் வைத்த பெயரை மாற்ற நமக்கு உரிமை இல்லை. பிரிட்டனில் 2018 ஏப்ரலில் சர்க்கரை சேர்த்த பானங்கள்மேல் வந்ததன் அதிகாரப்பூர்வப் பெயரில் ‘லெவி’ என்றுதான் இருக்கிறது, செய்தித்தாள்கள் அதையே ‘சுகர் டேக்ஸ்’ என்றன. சட்டத்தை மொழிபெயர்த்தால் ‘குளிர்பானத் தொழில் லெவி’ என்று எழுதுங்கள், செய்தியை மொழிபெயர்த்தால் ‘சர்க்கரை வரி’ என்று எழுதுங்கள், இரண்டும் ஒன்றுதான் என்று முதல் முறை வரும் இடத்தில் ஒரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள். அரசு பெனால்டி என்று சொன்னால் அபராதம் என்றே போடுங்கள், அது உண்மையில் வரி என்று நீங்கள் நினைத்தாலும். அந்த வாதத்தை அடிக்குறிப்பில் உங்கள் பெயரில் எழுதலாம், மூலத்தின் வாயில் வைக்கக் கூடாது.